வாசலில் நின்ற வாக்கியம்

கேள்வியோடு வந்தவருக்குத் தமயந்தி முதலில் நாற்காலியைக் காட்டினார். கருணாகரன் உட்காரவில்லை.

"மேடம், ஒரு தப்பை எப்படி வேரோட பிடுங்குறது?"

"யாரோட தப்பு?"

"பஞ்சவர்ணத்தோடது."

தமயந்தி கையிலிருந்த விடைத்தாளைக் கீழே வைத்தார்.

திண்டுக்கல்லில் இருந்த அந்தச் சமுதாயக் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு அவர்கள் இரண்டு பேர்தான். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க நினைத்தவர்கள் எல்லாம் வந்து, ஓராண்டில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகிற இடம் அது. ஏசி பழுது பார்க்கலாம், தைக்கலாம், சமைக்கலாம், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளலாம். எந்தத் தொழிலானாலும் இன்டர்வியூவில் நாலு வார்த்தை ஆங்கிலம் கேட்பார்கள். அதனால் எல்லோருக்கும் தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் உண்டு.

தமயந்திக்கு நாற்பது வயது. இங்கேயே பல வருஷமாக இருக்கிறார். கருணாகரனுக்கு ஐம்பத்தாறு. ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் ஆங்கிலக் கடிதம் எழுதியவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தார். முதல் வாரம் தமயந்தியின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். கிரீஸ் படிந்த கையோடு வந்த பையன்கள் அந்த அம்மாவிடம் கூச்சமில்லாமல் தப்பும் தவறுமாகப் பேசினார்கள். அதைப் பார்த்த அன்றே தமயந்தியைக் குருவாக மனதில் வைத்துக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "குருவும் சிஷ்யனும் வயசை மாத்திப் பொறந்துட்டீங்க" என்பார் சமையல் வகுப்பு எடுக்கும் யேசுதாஸ்.

பஞ்சவர்ணம் நோயாளி பராமரிப்பு படிப்பவள். முப்பது வயதிருக்கும். மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நல்ல வேலை கிடைத்து ஒரு அறை எடுத்துக்கொண்டால் மகளைக் கூட்டிவந்துவிடலாம். அவள் படித்ததெல்லாம் அதற்காகத்தான்.

ஆங்கிலத்தில் அவளுக்குப் பெரிய குறையில்லை. நாடித் துடிப்பு, மருந்து வேளை எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லுவாள். வகுப்பு முடிந்து கிளம்பும்போதுதான் வினை. வாசலில் நின்று திரும்பி, "ஐ வில் கோ அண்ட் கம், சார்" என்பாள்.

ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று கருணாகரன் விளக்குவார். 'ஐ யாம் லீவிங்' என்று சொல்லச் சொல்லுவார். அவளும் பிசிறில்லாமல் திருப்பிச் சொல்லுவாள். சொல்லிவிட்டும் போகமாட்டாள். பை வாரைத் திருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "கோ அண்ட் கம், சார்" என்று மெதுவாக முணுமுணுத்துவிட்டுத்தான் நகருவாள். கருணாகரனுக்கு அது பிடிவாதமாகப் பட்டது.

போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியில் இன்டர்வியூ. எல்லாம் நன்றாக முடிந்து எழுந்தவள், கதவருகே போய் அதையே சொல்லியிருக்கிறாள். எங்கே போய் எதற்கு வரப்போகிறாய் என்று உள்ளே இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்க, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலை வேறு ஒருத்திக்குப் போனது.

வருகிற திங்கட்கிழமை இன்னொரு ஆஸ்பத்திரிக்காரர்கள் கல்லூரிக்கே வருகிறார்கள். அதற்குள் அந்த வாக்கியம் அவள் வாயைவிட்டுப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் கருணாகரன். தமயந்தி காது கொடுத்துக் கேட்டார்.

"சார், கேன்டீன்ல எனக்கு ஒரு டீ சொல்லிட்டு வர்றீங்களா?"

"இதோ. போயிட்டு வரேன் மேடம்."

தமயந்தி பதில் சொல்லவில்லை. விடைத்தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். கருணாகரன் கதவு வரை போனார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "போயிட்டு வரேன்" என்றார் மறுபடியும்.

தமயந்தி தலையைத் தூக்கவில்லை. ஒரு வரியின் கீழ் கோடு போட்டார்.

கருணாகரன் ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றார். தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமோ என்று யோசித்தார். காரிடாரில் போன யேசுதாஸ், "என்ன சார், வெளியே நிக்கச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஏன் நிக்கிறீங்க சார்?" என்றார் தமயந்தி.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"டீ வாங்குறதுக்கு நான் என்ன சொல்லணும்?"

கருணாகரன் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார்.

"அந்தப் பொண்ணும் அங்கதான் நிக்குது சார்" என்றார் தமயந்தி. பிறகு, "போயிட்டு வாங்க. சர்க்கரை கம்மியா."

டீ வந்த பிறகு தமயந்தி வேறு ஒன்றைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போகிற பஞ்சவர்ணம், கிளம்பும்போது அந்தக் குழந்தை "வாம்மா" என்று சொன்னால்தான் படியிறங்குவாளாம். குழந்தை கோபத்தில் வாயைத் திறக்காத நாட்களில் பஸ் போய்விடும். இவள் அங்கேயே நிற்பாள். திங்கட்கிழமை வகுப்புக்குத் தாமதமாக வருவதற்கு அதுதான் காரணம்.

கருணாகரன் அந்தத் தாமதத்துக்காகவும் அவளைக் கடிந்திருக்கிறார். டீ ஆறியது.

திங்கட்கிழமை பஞ்சவர்ணம் சீக்கிரமே வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. இன்டர்வியூ நடக்கிற அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவள் நுனியில் உட்கார்ந்திருக்க, கருணாகரன் எதிரே நின்றுகொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். வழக்கம்போலத் திரும்பினாள். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் சொன்னாள்.

"ஐ வில் கோ அண்ட் கம், சார்."

காலமெல்லாம் பிழையில்லாமல் ஆங்கிலக் கடிதம் எழுதிய மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோ அண்ட் கம், மா."

பஞ்சவர்ணம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பை வாரைத் திருகிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"போச்சு" என்றார் அந்தப் பக்கம் வந்த யேசுதாஸ். "உங்க இங்கிலீஷும் போச்சா சார்?"

கருணாகரன் அவரைக் கையமர்த்தினார். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. கேள்விகளும் பதில்களும் காதில் விழுந்தன. படுக்கையிலேயே கிடக்கும் நோயாளியை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் நாற்காலி நகரும் சத்தம். காலடி கதவுப் பக்கம் வந்து நின்றது.

"தேங்க் யூ, சார். தேங்க் யூ, மேடம்" என்றது அவள் குரல். அவ்வளவுதான்.

கதவைத் திறந்துகொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று சொல்லவில்லை.

"வந்துட்டேன் சார்" என்றாள்.

மத்தியானம் தேர்வானவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயரும் இருந்தது. அவள் முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டு, மகளிடம் கொடுக்கச் சொன்னாள்.

சாயங்காலம் ஆசிரியர் அறையில் தமயந்தியும் கருணாகரனும் மட்டும் இருந்தார்கள். அவர் வெகுநேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"ஒரு சந்தேகம் மேடம். போயிட்டு வரேன்னு சொன்னா, வாங்கன்னு சொல்றோம். இங்கிலீஷ்ல அதுக்கு வார்த்தை இல்லையே. வெளியூர் போய், வாங்கன்னு சொல்ல ஆள் இல்லாத இடத்துல அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

தமயந்தி விடைத்தாள்களை அடுக்கி நூல் கட்டினார்.

"நீங்க காலையில கிளம்பும்போது யார்கிட்ட சொல்லிட்டு வர்றீங்க சார்?"

கருணாகரன் சிரித்தார். "பூட்டுகிட்டதான்."

"அது என்ன சொல்லும்?"

"அது என்னத்தைச் சொல்லும்? நான்தான் ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஏசி வகுப்புப் பையன்கள் கை கழுவிக்கொண்டே ஒருவனை ஒருவன் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். கருணாகரன் குடையை எடுத்துக்கொண்டார். கதவைத் தாண்டும்போது, யாரிடம் என்றில்லாமல், பழக்கத்தில் சொன்னார்.

"போயிட்டு வரேன்."

சொன்ன வேகத்திலேயே படியிறங்கப் போனவரைத் தமயந்தியின் குரல் நிறுத்தியது.

"வாங்க சார். நாளைக்கு முதல் வகுப்பு உங்களோடது."