நெளிந்த லென்ஸ்

சீடருக்கு அறுபத்து மூன்று வயது. குருவுக்கு அவருடைய மகள் வயது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். பாளையங்கோட்டையில் இதை யாரும் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீடர் பெயர் பொன்னம்பலவாணன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மிக்ஸி நின்றாலும், மின்விசிறி முனகினாலும், பக்கத்து வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினாலும் அவரே பிரித்துவிடுவார். பிரித்ததில் பாதி மறுபடி ஓடும். மீதியைப் பற்றி அவர் பேசுவதில்லை.

குரு பெயர் எஸ்தர். ஸ்டூடியோ வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பறவைகளைப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவளிடம்தான் அவர் கேமரா பிடிக்கக் கற்றார். கற்ற பிறகு அவருக்கு விடிந்தால் குளத்தங்கரைதான். மனைவி போன பின் காலை நேரம் அவரை என்ன பாடு படுத்தியது என்பது அவருக்குத்தான் தெரியும். இப்போது அந்த நேரத்தில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காயும், மீன்கொத்தி கம்பியில் உட்காரும், இவர் பார்த்துக்கொண்டிருப்பார். அது போதுமாக இருந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கோமதி அவருக்கு நீளமான லென்ஸ் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். அனுப்பும்போதே ஒரு வார்த்தை சொன்னாள்.

"தனியா போறீங்க, வழுக்குற இடம். ஒரு தடவை விழுந்தீங்கன்னு கேள்விப்பட்டா, அதோட குளம் கட் அப்பா."

போன வாரம் பாசி பிடித்த படியில் அவர் வழுக்கி விழுந்தார். லென்ஸ் கல்லில் மோதியது. எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து கையில் தைலம் தேய்த்துக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் காலை நேரம் பழையபடி ஆகிவிடும் என்று பயந்தார்.

இன்று லென்ஸைத் துண்டில் சுற்றி, கேமராவையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். சட்டைப் பையில் புதிதாக வாங்கிய சின்ன ஸ்க்ரூடிரைவர்கள் இருந்தன.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

எஸ்தர் பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க சார்."

"லென்ஸ் கைதவறி விழுந்துட்டு. நானே பிரிச்சுப் பாக்கவா, சர்வீஸுக்குக் குடுக்கவா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"நானே பாத்துருவேன். வீடியோவெல்லாம் பாத்துட்டேன். ஒருத்தன் சாப்பாட்டு மேஜையில வச்சுப் பிரிக்கான்."

"திரும்ப மாட்டுனானா?"

"அது அடுத்த வீடியோவுல வரும்னான். தேடிக்கிட்டு இருக்கேன்."

எஸ்தர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "சர்வீஸுக்குக் குடுத்தா என்ன?"

"கோமதி பேர்ல வாங்குனது. அவ நம்பருக்குத்தான் போன் பண்ணுவாங்க. கீழ விழுந்திருக்குன்னு சொல்லுவாங்க."

"சொன்னா?"

அவர் துண்டைப் பிரிப்பதில் மும்முரமானார். எஸ்தர் கையை நீட்டினாள். லென்ஸை வாங்கிப் பார்த்தாள். முன்பக்க வளையம் ஒரு இடத்தில் நெளிந்திருந்தது. டார்ச் அடித்து முன்னும் பின்னும் கண்ணாடியைப் பார்த்தாள்.

"கண்ணாடியில ஒண்ணும் இல்லையே சார்."

"உள்ள உடைஞ்சிருக்கு டீச்சர். ஆட்டிப் பாருங்க, கடகடங்குது."

அவள் காதருகே வைத்து ஆட்டினாள். மெல்லிய சத்தம் வந்தது. பிறகு அலமாரியிலிருந்து தன்னுடைய லென்ஸை எடுத்து அவர் காதருகே ஆட்டினாள். அதே சத்தம்.

"இதுவும் உடைஞ்சதா சார்?"

"இதுலயும் கேக்குதே."

"கை ஆட்டத்தைச் சமாளிக்கதுக்கு உள்ள ஒரு கண்ணாடி மிதந்துகிட்டு இருக்கும். கேமராவை அணைச்சு வச்சிருந்தா இப்படித்தான் சத்தம் போடும். விழுகறதுக்கு முந்தியும் போட்டிருக்கும். நீங்க காதுல வச்சுப் பாத்திருக்க மாட்டீங்க."

அவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் உடனே நம்பிவிட அவர் தயாராக இல்லை.

"படமெல்லாம் கலங்கலா வருதே. விழுந்ததுல இருந்து ஒரு படம்கூட உருப்படியா இல்ல. மொட்டைமாடியில நின்னு காக்காயை எடுத்தேன், காக்கா எது வால் எதுன்னு தெரியலை."

"எடுத்துக் காட்டுங்க."

ஸ்டூடியோ வாசலுக்கு வந்தார்கள். எதிரே மருந்துக்கடை. அவர் லென்ஸைக் கேமராவில் மாட்டித் தூக்கி, கடைப் பலகையைக் குறிவைத்துப் படம் எடுத்தார். எழுத்துகள் ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தன. திரும்ப எடுத்தார். அதுவும் அப்படியே.

"பாத்தீங்களா? போச்சு டீச்சர். இதைப் பிரிக்காம முடியாது."

அவர் கை பையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டது. எஸ்தர் கேமராவை வாங்கினாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றாள். எதையும் திருகவில்லை, மாற்றவில்லை. அதே பலகையை எடுத்தாள்.

அந்தப் படத்தில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. பலகையை மாட்டிய ஆணியின் துருகூடத் தெரிந்தது.

பொன்னம்பலவாணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாலு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கும் குறை இல்லை.

"லென்ஸ் நல்லா இருக்கு," என்றார். சந்தோஷப்பட ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"கையைக் காட்டுங்க சார்."

"எதுக்கு?"

"காட்டுங்க."

வலது சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டு வீங்கிக் கன்றிப்போயிருந்தது. தைல வாடை அடித்தது. வெறுமனே நீட்டும்போதே விரல்கள் நடுங்கின.

"இந்தக் கையை வச்சுக்கிட்டா திருகாணி கழட்டப் பாத்தீங்க?"

அவர் சட்டைக் கையைக் கீழே இறக்கினார். இங்கே வராமல் இருந்திருந்தால் நல்ல லென்ஸை இன்று சாயங்காலம் மேஜையில் பிரித்துப் பரப்பி வைத்திருப்பார். அதை நினைத்தவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விழுந்தது லென்ஸ் மட்டும் இல்லை, அப்படித்தானே?"

"படியில வழுக்கிட்டு."

"இப்ப நான் கேக்கேன் சார். இந்தக் கையை நீங்களே பாத்துக்கப் போறீங்களா, தெரிஞ்ச ஆள்கிட்ட குடுக்கப் போறீங்களா?"

"வீக்கம் வடிஞ்சிரும் டீச்சர்."

"அது எந்த வீடியோவுல வந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்தது. "டாக்டர்ட்ட போனா கட்டுப் போடுவாரு. கட்டுப் போட்டா கோமதி பாத்துருவா. பாத்தா குளத்துக்குப் போகக்கூடாதும்பா. வேற என்ன டீச்சர் இருக்கு எனக்கு?"

எஸ்தர் கேமராவை அவர் மடியில் வைத்தாள். எழுந்து உள்ளே போய் மறுபடி போட்டோ வெட்ட ஆரம்பித்தாள்.

அவர் வெகுநேரம் படியில் இருந்தார். பிறகு இடது கையால் போனை எடுத்து மகளை அழைத்தார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் போன் எப்போதும் சத்தமாகத்தான் பேசும். உள்ளே எஸ்தருக்கும் கேட்டது.

"கோமதி, அப்பா போன வாரம் குளத்துப் படியில விழுந்துட்டேம்மா."

 "அப்பாடா," என்றாள் கோமதி.

"என்னது?"

"நீங்களே சொல்லுவீங்களான்னுதான் தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வாரமா வீடியோ கால்ல இடது கையால காபி குடிக்கீங்க. நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

"பாத்துட்டு ஏன் கேக்கலை?"

"கேட்டா இல்லம்பீங்க. உங்களைப் பொய் சொல்ல வைக்கணுமா? நாளைக்கும் சொல்லலைன்னா பஸ் ஏறிரலாம்னு இருந்தேன். எலும்பு முறிஞ்சிருக்கா?"

"தெரியலை. டாக்டரைப் பாக்கலை."

இந்த இடத்தில் கோமதி கொஞ்ச நேரம் திட்டினாள். அவர் எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினார். அவள் மூச்சு வாங்கியபோது மெதுவாகக் கேட்டார்.

"அப்ப குளம்?"

"குளத்துக்கு என்ன?"

"விழுந்தா குளம் கட்னு சொன்னியே."

"அதுக்காகவா மறைச்சீங்க?" அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாதுப்பா. விழுந்தா எழுந்திருச்சுக்கலாம். நீங்க சொல்லாம இருந்தீங்கன்னா நான் இங்க இருந்துகிட்டு என்ன செய்வேன்? இன்னைக்கே கையைக் காட்டுங்க. கை சரியானதும் குளத்துக்குப் போங்க. போறப்ப ஒரு போன், வந்ததும் ஒரு போன்."

"போகலாமா?"

"போங்கப்பா. நீங்க அனுப்புற படத்தைப் பாத்துட்டுத்தான் எனக்குப் பொழுது விடியுது."

போனை வைத்த பிறகும் அவர் அதைக் கையிலேயே பிடித்திருந்தார். நெஞ்சில் ஒரு வாரமாகக் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. கை வலி மட்டும் இருந்தது. அது நன்றாகவே வலித்தது, இதுவரை அதைக் கவனிக்க அவருக்கு நேரமில்லை.

எஸ்தர் கடையைப் பூட்ட ஆயத்தமானாள். "வாங்க, நானே கொண்டுபோய் விடுதேன். எலும்பு டாக்டர் அடுத்த தெருவுலதான்."

அவர் எழுந்தார். லென்ஸைத் துண்டில் சுற்றப்போனவர் நெளிந்த வளையத்தைப் பார்த்து நின்றார். பழைய குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"டீச்சர், இந்த நெளிவு. இதையாவது நானே தட்டிச் சரிபண்ணிரவா? இல்ல, இதுக்கு மட்டும் சர்வீஸுக்குக் குடுக்கவா?"

எஸ்தர் லென்ஸின் மூடியை வாங்கி வளையத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். மூடி உட்காரவில்லை, வழுக்கிக் கீழே விழுந்தது. அதை எடுத்து அவருடைய சட்டைப் பையில், ஸ்க்ரூடிரைவர்களுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"மூடி மாட்டாது. அது மட்டும்தான் நஷ்டம், அப்படியே இருக்கட்டும். படம் எடுக்கதுக்கு மூடி எதுக்கு சார்?"