மண்குழாய்க்குள் மீசை மீன்

சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தைந்துகூட நிறையவில்லை.

சீடர் தணிகைவேல், ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு மெஹருன்னிசா, கொளத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அவர் வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். அத்தனையிலும் பிளெக்கோ. வாயால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு அசையாமல் கிடக்குமே, அந்த மீன். கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களுக்கு மெஹர் டீச்சர் மீன் தருவதில்லை.

முதல்முதலாக வந்த அன்று தணிகைவேல், கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய ஒரு மீனைக் காட்டினார்.

"இது வேணும்மா."

"ராத்திரி எப்போ படுப்பீங்க சார்?"

"ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடுவேன்."

"அதுக்கப்புறம்தான் அது எழுந்திருக்கும்."

சொல்லிவிட்டு, சேற்று நிறத்தில் மூக்கெல்லாம் மீசை முளைத்த ஒரு மீனையும், மீசையில்லாத அதன் ஜோடியையும் பையில் போட்டுக் கொடுத்தார். அழகான மீனைக் கேட்டவனுக்கு எதற்கு இந்த அழுக்கு மீன்? தணிகைவேலுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்து, தொட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

ஒருவர் வந்து, "தொட்டியில கட்டை போடணுமா?" என்றார்.

"போட்டே ஆகணும். கட்டையைக் கொறிக்கலேன்னா வயிறு கெட்டுடும்."

அவர் செருப்பை மாட்டுவதற்குள் இன்னொரு பெண் வந்து அதையே கேட்டார்.

"கட்டை எதுக்கு? இறாலைப் பொடியா நறுக்கிப் போடுங்க."

பெண் போனதும் தணிகைவேல் எழுந்து நின்றார்.

"டீச்சர், இதுல எது சரி?"

"எந்த மீனுக்கு?"

"பிளெக்கோவுக்குத்தான்."

"பிளெக்கோன்னு ஒரே ஒரு மீன் இல்லை சார்," என்றார் குரு. தொட்டித் தண்ணீரை மாற்றப் போய்விட்டார்.

வேலையில் இருந்த காலம் முழுக்கத் தணிகைவேலுக்குச் சிவப்பென்றால் சிவப்பு, பச்சையென்றால் பச்சை. ஒரே விளக்கு ஒருவருக்குச் சிவப்பாகவும் இன்னொருவருக்குப் பச்சையாகவும் எரிந்தால் அவர் என்னதான் செய்வார்?

இப்படி இருக்கையில், மீசை மீன் வெளியே வருவதை நிறுத்திவிட்டது. மீன் ஒளிந்துகொள்ளவென்று வீட்டுத் தொட்டி மூலையில் போட்டிருந்த மண்குழாய்க்குள் புகுந்ததுதான். வெள்ளரித் துண்டு போட்டார், வரவில்லை. பூசணி போட்டார், ஜோடி மீன் வந்து தின்றுவிட்டுப் போனது. வாட்ஸ்அப்பில் மீன் வளர்ப்போர் குழு ஒன்றில் கேட்டார். பூஞ்சை, உப்புப் போடுங்கள் என்றார் ஒருவர். போட்டார். ஐயோ, இந்த மீனுக்கு உப்பு ஆகாது என்றார் இன்னொருவர். தண்ணீரை மாற்றினார். சூட்டைக் கூட்டு என்றது ஒரு குரல், குறை என்றது மற்றொன்று. கூட்டினார், குறைத்தார்.

"மீனுக்கு உடம்பு சரியில்லையா, உங்களுக்கா?" என்றார் மனைவி சுலோச்சனா.

தணிகைவேல் குருவிடம் ஓடினார்.

"சாப்பிடவே இல்லை டீச்சர்."

"சரி."

"வாலையும் துடுப்பையும் ஆட்டிக்கிட்டே இருக்கு, நிறுத்தவே மாட்டேங்குது. வலிப்பா இருக்குமோ?"

குரு அவரை ஒருமுறை பார்த்தார். "குழாயைத் தொடாதீங்க. வேற எதுவும் செய்யவும் வேண்டாம்."

"செத்துடாதே?"

"தொடாதீங்க சார்."

இவ்வளவுதான் பதில். வீட்டுக்கு வந்தால், குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'உள்ளே சிக்கிக்கொண்டிருக்கும். உடனே எடுங்கள், இல்லாவிட்டால் செத்துவிடும்.' தணிகைவேல் தொட்டி முன் வந்து நின்றார். குழாய்க்குள் அந்த வால் ஆடிக்கொண்டே இருந்தது. சாகிற உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா? யாரை நம்புவது?

கையை விட்டுக் குழாயைத் தூக்கிச் சாய்த்தார்.

மீன் வழுக்கி விழுந்து ஃபில்டருக்குப் பின்னால் பாய்ந்தது. அதன் பின்னாலேயே, ஆரஞ்சு நிறத்தில், கடுகு மணிகளைச் சேர்த்து ஒட்டியது போல ஒரு கொத்து உருண்டு வந்து மணலில் விழுந்தது.

தணிகைவேல் ஈரக்கையைத் துடைத்தார். ஃபோனை எடுத்தார்.

"டீச்சர், முட்டை."

குரு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கையை நனைத்து, கொத்தைச் சிதையாமல் எடுத்துக் குழாய்க்குள் வைத்தார். பழைய மூலையிலேயே குழாயைப் படுக்கவைத்தார். விளக்கை அணைத்தார். சுலோச்சனாவிடம் ஒரு பழைய புடவை வாங்கித் தொட்டியை மூடினார்.

"அம்மா மீனைப் பிடிச்சு உள்ளே விடட்டுமா?"

"அது அப்பா, சார். முட்டை போட்டதோட அம்மா வேலை முடிஞ்சுது. வாலை ஆட்டி முட்டைக்கு விசிறிக்கிட்டு இருந்தது அப்பாதான்."

தணிகைவேல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"முட்டை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொல்லியிருந்தா டார்ச் அடிச்சு எட்டி எட்டிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

"பார்த்திருப்பேன்தான்."

"ஆனாலும் சொல்லியிருக்கணும்," என்றார் குரு. "தப்பு எம்மேலயும் இருக்கு."

அதைக் கேட்டதும் தணிகைவேலுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. குருவே தப்பு என்றால் அவர் யாரிடம் போவார்?

"இனி அது உள்ளே போகுமா?"

"தெரியாது."

"போகலேன்னா?"

"அதுவும் தெரியாது. புடவையை மட்டும் எடுக்காதீங்க. நானே ஃபோன் பண்றேன்."

தணிகைவேல் புடவையை எடுக்கவில்லை. அந்த அறையில் விளக்கே போடவில்லை. குழுவிலிருந்து வந்த யோசனைகளைப் படிக்காமல் விட்டார். தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் கை புடவை நுனிவரை போய்த் திரும்பியது. கடைசியில் குரு ஃபோனில், "இப்போ பாருங்க" என்றதும் மெல்ல ஒரு ஓரத்தைத் தூக்கினார்.

அந்த ஞாயிறு அவர் பாடத்துக்கு வந்தபோது குரு தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே இருக்கு டீச்சர். பாதி முட்டை வெள்ளையாப் போயிடுச்சு. அதையெல்லாம் வெளியே தள்ளிட்டுது. மிச்சத்தைக் கட்டிக்கிட்டு விசிறுது. ரெண்டு மூணு பொரிஞ்சுகூட இருக்கு, வயித்துல மஞ்சள் கரு மூட்டையோட."

"நல்லது."

தணிகைவேல் உட்காரவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியலை. அந்தக் குழாயைத்தான் நான் கவிழ்த்துக் கொட்டினேன். உப்பு, சூடு, குளிர்னு படாத பாடு படுத்தினேன். அப்படியும் அதே குழாய்க்குள்ள போயிருக்கே. எதை நம்பிப் போச்சு டீச்சர்?"

குரு துணியைப் பிழிந்தார்.

"முட்டை அங்கேதானே சார் இருந்துது."