வெண்காடன் வண்ணம் பூசிய படகு

ஆழியூர் அரசர் வாணராயருக்கு ஒரு குட்டிப் படகு, ஒரு பெரிய குளம், இரண்டு ராணிகள். படகாலும் குளத்தாலும் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை.

தெப்பத் திருநாள் நெருங்கியது. படகுக்குப் புது வண்ணம் பூச வேண்டும். வடகரை மாளிகையிலிருந்த பெரிய ராணி, "சிவப்புதான்!" என்றாள். தென்கரை மாளிகையிலிருந்த சின்ன ராணி, "பச்சை இல்லையென்றால் நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன்" என்றாள். அரசருக்குத் தலை சுற்றியது.

தளவாய் கருணாகரர் சும்மா இருப்பாரா? அவையையே சிரிக்க வைக்கும் வெண்காடனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"வெண்காடன் தன் கையால் பூசட்டும், பிரபு! இரண்டு ராணிகளும் மகிழ வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் அவன் மீசையை வழித்துவிடலாம்."

அரசரும் சரியென்று தலையாட்டிவிட்டார். வெண்காடனுக்கு மீசை என்றால் உயிர். தூரிகையையோ தொட்டே அறியாதவன்! படகைக் கவிழ்த்துப் போட்டுப் பழைய பூச்சைச் சுரண்டினான். கை கொப்பளித்தது. ஒரு முனையைச் சுரண்டிவிட்டு மறுமுனைக்குப் போனவன், குனிந்து பார்த்தான்.

"அட, என் ராசா!" என்று படகுக்கு ஒரு முத்தம் கொடுத்தான். பிறகு குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, வண்ணப்பொடி குழைத்துப் பூச ஆரம்பித்தான். கடைசிப் பூச்சு திருநாள் காலையில்தான் முடிந்தது.

படகின் வடபக்கம் சிவப்பு, தென்பக்கம் பச்சை!

அரசரும் தளவாயும் வெண்காடனும் ஏறிக்கொள்ள, படகு மேற்குக் கரையிலிருந்து குளத்தின் நடுவாகக் கிழக்குக் கரை மண்டபத்துக்குக் கிளம்பியது. வடகரையில் பெரிய ராணி கைதட்டினாள். தென்கரையில் சின்ன ராணி குதித்தாள்.

படகு ஆடும்போதெல்லாம் இரண்டு விளிம்புகளையும் பிடித்துக்கொண்டிருந்த தளவாய், மண்டபம் வந்ததும் இரண்டு கையாலும் மீசையை முறுக்கினார். "படகைத் திருப்பினால் நிறமும் பக்கம் மாறுமே! இப்போது என்ன செய்வாய்?"

"எதற்குத் திருப்ப வேண்டும்? இதற்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி கூர்."

படகோட்டி எழுந்தான், மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தான், துடுப்புப் போட்டான். படகு வந்த வழியே போனது. சிவப்பு வடக்கிலேயே, பச்சை தெற்கிலேயே!

"ராணிகள் இருவரும் பேசிக்கொண்டால் குட்டு உடைந்துவிடுமே?" என்றார் அரசர்.

"அவர்கள் பேச்சை நிறுத்தியே வருஷக்கணக்காகிறதே, பிரபு!"

"போக்கிரி! எங்கேயடா கற்றாய் இந்த வித்தையை?"

"தங்களிடம்தான். அந்தக் கரைக்கு ஒரு முகம், இந்தக் கரைக்கு ஒரு முகம். ஆனால் யாருக்கும் முதுகு காட்டுவதில்லை!"

அரசர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அப்போதுதான் தளவாயின் முகத்தைப் பார்த்தார். மீசையின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி பச்சை!

தளவாய் பதறிப்போய்க் குளத்து நீரை அள்ளி அள்ளித் தேய்த்தார்.

வெண்காடன் தன் மீசையைப் பத்திரமாக நீவிவிட்டுக்கொண்டான். "வீணாகத் தேய்க்காதீர்கள், தளவாயாரே. படகுக்குப் பூசும் வண்ணம் தண்ணீருக்கா போகும்? தாங்கள் சொன்னபடி வழித்துவிட வேண்டியதுதான்!"