மயிரிழை வித்தியாசமில்லாத கப்பி

நண்டுப்பாடு என்கிற கடலோர ஊரில் மூளை உள்ள வீடு எது என்று கேட்டால் எல்லோரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். ஜெசிந்தா மட்டும் தன் வீட்டைக் காட்டுவாள். அவள் அங்கே இருக்கிறாளே, அதனால்.

அவள் புருஷன் கஸ்பாரிடம் ஒரு பழைய வத்தை இருந்தது. பாய் கட்டி ஓட்டுகிற சின்னப் படகு. கோயில் திருவிழாப் படகுப் போட்டியில் மூணு வருஷமாக அதுதான் கடைசி. முதலில் வருவது ஜெசிந்தாவின் அண்ணன் அருளப்பன். இந்த வருஷமாவது அண்ணனை முந்தாவிட்டால் அண்ணியின் வாய்க்கு முன்னால் நிற்க முடியாது என்று மாதாவுக்கு மெழுகுதிரிகூட நேர்ந்திருந்தாள். போட்டிக்கு நாலே நாள் இருக்கும்போது, பாய்மரத்து உச்சியில் பாயை இழுக்கிற கப்பி விரிசல் விட்டுவிட்டது. கயிறு அதில் சிக்கிக்கொள்ள, பாய் பாதியில் நின்றது.

அந்தக் காலத்துக் கப்பி இப்போது வருவதில்லை என்றார் டவுன் கடைக்காரர். இதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளில் தேடுங்கள், மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் வாங்காதீர்கள், கயிறு ஓடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். ஜெசிந்தா அதை பஸ்ஸில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

முதல் கடையிலேயே ஒன்று கிடைத்தது. அதே மரம், அதே சக்கரம், அதே கொக்கி. கஸ்பாரும் அவன் தம்பி மிக்கேலும் இரண்டையும் தரையில் வைத்துக் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள்.

"மைனி, நம்மதுல விரிசல் இருக்கு. இதுல இல்லையே," என்றான் மிக்கேல்.

ஏமாற்றப் பார்த்த கடைக்காரரை ஜெசிந்தா ஒரு முறை முறைத்துவிட்டு, தன் கைப்பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த கடையில் விரிசல் விட்டதே இருந்தது. ஆனால் விரிசல் இடது பக்கம். கடைக்காரர் சலித்துப்போய், தலைகீழாகப் பிடியுங்கள், வலது பக்கம் வந்துவிடும் என்றார். வந்தது. கொக்கி கீழே போய்விட்டது.

"அப்ப படகையும் தலைகீழாப் போட்டுக்குவமா?" என்று கேட்டான் கஸ்பார்.

"புள்ளைக்கு ஈரம் ஆகாதே. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க," என்றாள் ஜெசிந்தா.

மூணு நாள் அலைந்த பிறகு அவளுக்கே வழி தோன்றியது. முதல் கடைக்குப் போய் அந்த முழுக் கப்பியையே வாங்கிவந்தாள். பழைய விரிசலை ஈர்க்குச்சியால் அளந்து, உளி வைத்து ஒரே தட்டு. அச்சு அசலாக விரிசல் விழுந்தது. மிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டியன்று காலையில் பாயை இழுத்தார்கள். பாதியில் நின்றது. எவ்வளவு இழுத்தும் பாதிதான். தங்கச்சி தவிப்பதைப் பார்த்து அருளப்பன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். கப்பியைக் கழற்றச் சொல்லி, பழையதோடு வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"தங்கச்சிங்கிறதால சொல்றேன், வெளியில சொல்லாத. பழசுல காக்கா எச்சம் இருக்கு. இதுல இல்ல," என்றான். சொல்லிவிட்டுத் தன் படகுக்குப் போய்விட்டான்.

ஜெசிந்தா நெற்றியில் அடித்துக்கொண்டாள். இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? கப்பியை மறுபடி மாட்டி, பக்கத்தில் ஒரு சாளை மீனைக் கட்டிவைத்து, மூவரும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். போட்டி தொடங்க விசில் ஊதினார்கள். மற்ற படகெல்லாம் கிளம்பிப் போயின. இவர்கள் அசையவில்லை.

கடைசியில் ஒரு காக்கா வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி, மீனைக் கொத்திக்கொண்டு, போகிற போக்கில் கஸ்பாரின் உச்சந்தலையில் போட்டுவிட்டுப் போனது. கஸ்பார் துடைக்கக் கையைத் தூக்கினான்.

"கையை எடுங்க," என்றாள் ஜெசிந்தா. "அண்ணன் இன்னும் முதல் மிதவையைக்கூடச் சுத்தல. தலையை ஆட்டாம அப்படியே பாய்மரத்துல ஏறுங்க."