சேவு எண்ணெயில ஓடுற அம்பாசிடர்

"இன்னிக்கு நீ பதில் சொல்லியே ஆகணும், மேஸ்திரி!"

தங்கமாரியப்பன் வந்து நின்னாரு.

அவரு வண்டி இன்னும் வரல. அது பின்னாடி, ஒரு லோடு ஆட்டோ கயிறு கட்டி இழுக்க, கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு முறுக்கிக்கிட்ட தாய்மாமன் மாதிரி வந்துக்கிட்டு இருந்துச்சு.

மேஸ்திரி பதில் சொல்லல. சொல்லவும் முடியாது. வாயில மூணு நட்டு.

சாத்தூர் பைபாஸ் ஓரமா தகரக் கொட்டாய் போட்டு வண்டிகளுக்கு டீசல் பம்ப்பு ரிப்பேர் பாக்குற ரோஸ்லினுக்கு வயசு முப்பத்தி ரெண்டு. தங்கமாரிக்கு அம்பத்தி நாலு. ஆனா யாருக்கு வேலை தெரியுமோ அவங்கதான மேஸ்திரி.

கழட்டுன நட்ட அந்தப் புள்ள கீழ வைக்காது. உதட்டுல கவ்விக்கிரும். அதனால ரொம்பப் பேச முடியாது. ஊருக்குள்ள அத ஞானம்னு நெனச்சுக்கிட்டாங்க.

தங்கமாரியும் அப்படி நெனச்சு வந்தவருதான்.

அவரு சம்சாரம் பாக்கியத்தாய் காராசேவு போட்டு விக்கிறா. அந்தச் சேவு டின்ன ஊரூராப் போயி எறக்குறது இவரோட அம்பாசிடரு. டீசல் வண்டி. இவரு குடிச்சுட்டு ஓட்டுனப்பல்லாம் ஒழுங்கா ஓடுச்சு.

அஞ்சு மாசத்துக்கு முந்தி குடிய விட்டாரு.

விட்டதும் சாயங்காலம் ஆறு மணி ஆனா கை நடுங்குது. கைக்கு ஒரு வேலை வேணும். கொல்லையில பாத்தா, சேவு சுட்டு மிஞ்சுன எண்ணெய் டின்னு டின்னா நிக்குது. இத டீசலா மாத்தி வண்டிய ஓட்டுறேன்னு கெளம்பிட்டாரு.

வடிகட்டி, காய்ச்சி, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் சேத்து, தெளியவச்சு, தண்ணி விட்டு அலசி, மறுபடி காயவச்சு, ஒரு டிரம்முக்கு மூணு நாளு வேலை. இருபது வருஷமா தன் வயித்துல ஊத்துன மனுசன், இப்ப டிரம்முல ஊத்துறாரு. முன்னேற்றந்தான்.

வண்டியில பழைய ரப்பர் குழாய இந்த எண்ணெய் தின்னுரும்னு, எல்லாத்தையும் கழட்டி வேற குழாய் மாட்டிக் குடுத்தது ரோஸ்லின்.

வண்டி ஓடுச்சு. ஜம்முன்னு ஓடுச்சு. பின்னாடி சேவு வாசம் வேற. ஓடப்பட்டி தாண்டுற வரைக்கும் ஒரு நாயி நம்பிக்கையோட ஓடி வந்துச்சு.

அதுக்கப்புறம் நின்னுருச்சு. வண்டியும் நாயும்.

மொத தடவ இழுத்துட்டு வந்தப்ப, ரோஸ்லின் டீசல் பில்டரக் கழட்டுச்சு. உள்ள கன்னங்கரேல்னு பிசுக்கு. புதுசு ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு.

"எண்ணெய சரியா அலசலையோ?"ன்னாரு தங்கமாரி.

"மாட்டுங்க அண்ணாச்சி."

போயி, எண்ணெய மூணு தடவ அலசுனாரு.

ரெண்டாந்தடவ வந்தப்பவும் அதே கருப்பு. "மாட்டுங்க அண்ணாச்சி."

போயி, அஞ்சு தடவ அலசுனாரு.

மூணாந்தடவையும் கருப்பு. "மாட்டுங்க."

இந்தத் தடவ அண்ணாச்சியக்கூட விட்டுருச்சேன்னு மனசு நொந்து போயி, ஏழு தடவ அலசுனாரு.

இன்னிக்கு நாலாந்தடவ.

ஒரு கண்ணாடி பாட்டில எடுத்து மேசையில டொக்குன்னு வச்சாரு.

"பாரு. நல்லாப் பாரு. தேன் மாதிரி இருக்கு. இதுக்குப் பின்னாடி பேப்பர வச்சா சின்ன எழுத்து வரைக்கும் படிக்கலாம். நான் படிக்கமாட்டேன், அது வேற. இந்த எண்ணெயிலேர்ந்து எப்படித் தாயி அந்தக் கருப்பு வருது?"

ரோஸ்லின் பாட்டில வெயில்ல தூக்கிப் பாத்துச்சு. நட்டக் கையில எடுத்துச்சு.

"எண்ணெயில தப்பில்ல."

"பின்ன?"

நட்டு மறுபடி வாய்க்குப் போயிருச்சு.

"யம்மா! இப்படி வாய மூடிக்கிட்டா நான் எங்க போயி முட்டிக்க? ஏழு தடவ அலசுனேன். எம் புள்ளையக்கூட அத்தன தடவ குளிப்பாட்டுனதில்ல. இந்தா பாரு, சொல்லிப்புட்டேன். இன்னும் ஒரு தடவ இந்த வண்டி வழியில நின்னுச்சு, எண்ணெயத் தூக்கி ஓடையில கொட்டிட்டு, நேரா கடைக்குப் போயிருவேன். எந்தக் கடைன்னு ஒனக்குத் தெரியும்."

ரோஸ்லின் வாயிலேர்ந்து ஒரு நட்டு கீழ விழுந்துச்சு.

குனிஞ்சு எடுத்துச்சு. தொடச்சுச்சு. மூணு நட்டையும் சட்டப் பையில போட்டுச்சு.

கொட்டாய்க்குப் பின்னாடி போயி ஒரு தகரக் கேன எடுத்துட்டு வந்துச்சு. டீசல் வாங்குற பழைய கேனு.

அதுல அரை லிட்டர் டீசல ஊத்தி, குலுக்கி, ஒரு கிண்ணத்துல கவுத்துச்சு. டீசலு டீசலாவே வந்துச்சு.

"பாத்தீங்களா?"

"இதுல பாக்க என்ன இருக்கு?"

இப்ப தங்கமாரியோட எண்ணெய ஊத்துச்சு. மூடிய இறுக்கி வெயில்ல வச்சுச்சு.

"டீ குடிப்போம்."

"டீயா! வண்டி கெடக்கு, சேவு கெடக்கு, கோவில்பட்டிக் கடைக்காரன் போனு மேல போனு போடுறான். டீயா?"

டீ வந்துச்சு. குடிச்சாரு. வாய் சூடாச்சு. வாய் சூடானா வீட்டுக் கதை வந்துரும்.

"வண்டிதான் இப்படின்னா, வீட்டுலயும் இதே கதை. நான் குடிச்ச காலத்துல ஒன் மதினி வாயத் தொறந்ததில்ல தாயி. சோத்த வப்பா, போயிருவா. நான் வாசல்ல விழுந்து கெடந்தாலும் தாண்டிப் போவா. மிதிச்சதில்ல, பாத்துக்க. அப்பேர்ப்பட்ட பொம்பள."

"ம்."

"இப்ப குடிய விட்டாச்சு. ஊரே கையெடுத்துக் கும்புடுது. இவ என்ன பண்ணணும்? ஆலாத்தி எடுக்க வேணாம், சும்மாவாச்சும் இருக்கலாம்ல? தெனம் ஒண்ண எடுக்குறா. நேத்து, எங்க மாமனாரு செத்தப்ப நான் மாலை வாங்கப் போன கதை. பதினாலு வருஷம் ஆச்சு! அந்த மனுசன் சாம்பலே கரைஞ்சிருக்கும்."

"மாலை வாங்கலையா?"

"வாங்குனேன்! வாங்காமலா? மாலையோடதான் வந்தேன். அத மட்டும் யாரும் சொல்லமாட்டேங்குறாங்க."

"எப்ப வந்தீங்க?"

"மூணாம் நாளு."

"மாலை?"

தங்கமாரி டீ கிளாஸுக்குள்ள பாத்தாரு.

"எங் கழுத்துல கெடந்துச்சு."

ரோஸ்லின் சிரிக்கல. கேன எடுத்துச்சு. குலுக்குச்சு. இன்னொரு கிண்ணத்துல கவுத்துச்சு.

தாரு மாதிரி வந்துச்சு.

தங்கமாரி எந்திரிச்சு நின்னுட்டாரு. பாட்டிலப் பாத்தாரு. கிண்ணத்தப் பாத்தாரு. பாட்டில்ல தேனு. கிண்ணத்துல தாரு.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"கேன்ல இருந்துச்சு."

"அப்ப டீசல் ஊத்துனப்ப ஏன் வரல?"

"டீசல் அதக் கிளப்பாது. அது பாட்டுக்கு மேல ஓடிரும்."

"அப்ப எம் எண்ணெய்?"

"நல்ல எண்ணெய், அண்ணாச்சி. ஒட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் வந்துரும்."

அண்ணாச்சி திரும்பி வந்துருச்சு. ஆனா தங்கமாரி அதக் கவனிக்கல.

"வண்டி டேங்கு எத்தனை வருஷத்தது?"ன்னு ரோஸ்லின் கேட்டுச்சு.

"இருவத்தி ரெண்டு."

"ஒரு தடவையாச்சும் கழுவுனீங்களா?"

"ஓடுற வண்டியோட டேங்க எவன் தாயி கழுவுவான்?"

"அதான்."

"அப்ப டேங்க எறக்கி இப்பவே கழுவிருவோமே! ஒரே நாளுல முடிஞ்சுரும்ல?"

"டேங்கக் கழுவலாம். இரும்புக் குழாய்க்குள்ள இருக்கிறது? பம்ப்புக்குள்ள இருக்கிறது? அது ஓடி ஓடித்தான் வரணும்."

"எத்தன பில்டரு ஆகும்?"

"தெரியல."

"ஒரு கணக்குக்குச் சொல்லு. பத்தா? பதினஞ்சா?"

"வர்றது நிக்கிற வரைக்கும்."

தங்கமாரி தலையில அடிச்சுக்கிட்டாரு. பக்கத்துல நின்ன லோடு ஆட்டோக்காரரும் ஒரு தொணைக்கு அடிச்சுக்கிட்டாரு.

"சரி, பழையபடி டீசலே ஊத்திட்டா?"

"நிக்காம ஓடும்."

"அழுக்கு?"

ரோஸ்லின் பையிலேர்ந்து மூணு நட்டையும் எடுத்து வாயில வச்சுக்கிச்சு.

அவ்வளவுதான். இனி தலைகீழா நின்னாலும் பேச்சு வராது. தங்கமாரி எட்டு பில்டரும் ஒரு ஸ்பேனரும் வாங்கி, ஒண்ண மாட்டிட்டு, மிச்சத்த வண்டியில போட்டுக்கிட்டு, வாய்க்குள்ள திட்டிக்கிட்டே கெளம்புனாரு.

வண்டி நல்லாத்தான் போச்சு. பைபாஸ விட்டு ஊருக்குள்ள திரும்புச்சு. பஸ் ஸ்டாண்டத் தாண்டுச்சு.

அப்புறம் விக்குச்சு. ரெண்டு தடவ குலுங்குச்சு. நின்னுச்சு.

தங்கமாரி தலையத் தூக்கிப் பாத்தாரு.

எதுத்தாப்புல கடை. அந்தக் கடை.

"மாப்ள!"ன்னு ஒரு சத்தம். சண்முகவேலு. இருபது வருஷக் கூட்டாளி. "வந்துட்டியா! ஒனக்கு மறந்தாலும் வண்டிக்கு வழி மறக்கலடா!"

தங்கமாரி எறங்குனாரு. சொன்ன சொல்லு நெஞ்சுல குத்துச்சு. இன்னும் ஒரு தடவ நின்னுச்சுன்னா. நின்னுருச்சே. மணி வேற ஆறாகப் போகுது.

"ஒரே ஒரு கட்டிங், மாப்ள. அஞ்சு மாசம் விரதம் இருந்தவனுக்கு ஒண்ணு ஆகாதா?"

தங்கமாரி பானட்டத் தூக்குனாரு. நடுங்குற கைக்கு ஸ்பேனரக் குடுத்தாரு. பில்டரக் கழட்டுனாரு.

கருப்பு.

உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாரு. விரலு வழியா ஒழுகுச்சு. சட்டையில சொட்டுச்சு. நகரல.

"டேய் சம்முவம்."

"சொல்லு மாப்ள."

"நம்ம குடிச்ச காலத்துல, அவ என்னைக்காச்சும் ஒன்கிட்ட என்னைப் பத்திக் கொற சொல்லிருக்காளா?"

"தங்கச்சியா? சேச்சே! வாயில்லாப் பூச்சிடா அது. எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கும்."

தங்கமாரி புது பில்டர மாட்டுனாரு. கைப் பம்ப்ப அடிச்சு அடிச்சு, உள்ள புகுந்த காத்த வெளியேத்துனாரு. பானட்ட மூடுனாரு.

"எங்கடா கெளம்பிட்ட? ஊத்தி வச்சுட்டேன்டா!"

வண்டி பட்டுன்னு பிடிச்சுக்கிச்சு.

வீட்டுல பாக்கியத்தாய் அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. கொதிக்கிற எண்ணெய்க்கு மேல கண்ணு கரண்டி. அதுல மாவ வச்சுத் தேச்சுக்கிட்டே இருக்கா. மொதல்ல மூக்க உறிஞ்சு இவரு வாசம் பாத்தா. சேவு வாசந்தான். அப்புறமும் மூஞ்சி எறங்கல.

"நாலு டின்னு கோவில்பட்டிக்குப் போகணும்னு காலையில சொன்னேன். போச்சா? போகாதே! ஒங்கள ஒரு காரியத்துக்கு அனுப்புனா அது என்னைக்குப் போயிச் சேந்திருக்கு? அன்னிக்கும் இப்படித்தான், எங்கப்பாவப் போட்டு வச்சுக்கிட்டு, ஒரு மாலை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனேன்..."

எப்பவும் இந்த எடத்துலதான் தங்கமாரி கத்துவாரு. கத்துனதும் அவ நிறுத்திக்குவா. கதை அதுக்கு மேல போனதே இல்ல.

இன்னிக்கு ஒரு காலி எண்ணெய் டின்னக் கவுத்துப் போட்டு உக்காந்தாரு.

"அப்புறம்?"

பாக்கியத்தாய் கை நின்னுருச்சு.

"என்ன அப்புறம்? என்ன நக்கலா? ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே."

அவ இவர உத்துப் பாத்தா. கரண்டிய வச்சா. அடுப்பக் கொறச்சா.

"தூக்கிட்டாங்க. எம்புட்டு நேரந்தான் வச்சிருப்பாங்க? நான் தெரு முக்குல போயி நின்னேன். டீசல் வண்டிச் சத்தம் கேட்டாலே நீங்கதான்னு நெனச்சேன். ஒரு லாரி போச்சு. ஒரு டிராக்டர் போச்சு. எல்லாம் சுடுகாட்டுலேர்ந்து திரும்பி வந்துட்டாங்க. வெறுங்கழுத்தோடதான் போனாருன்னு சித்தப்பா சொன்னாரு. அப்பவும் நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

சட்டியில சேவு கருகுற வாசம் வந்துச்சு. ரெண்டு பேரும் எடுக்கல.

"அவ்வளவுதான்,"னா. முந்தானையால மூஞ்சியத் தொடச்சா.

தங்கமாரி கையில ஒட்டுன கருப்பு இன்னும் போகல.

"இன்னும் இருக்கும்,"னாரு. "சொல்லு."