முள் இறங்காத வண்டி

போடி மலையில் ஏலக்காய்த் தோட்ட முதலாளி சிங்கமுத்து, மேடு பள்ளம் ஏறி இறங்கும் பெரிய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினார். "டேங்க் நிறைச்சா எண்ணூறு கிலோமீட்டர் ஓடும். டீசலை மோந்துதான் பார்க்கும், குடிக்காது" என்று விருந்தாளிகளிடம் அளந்தார்.

"இந்த மலையில ஏறினா குடிக்கத்தான் செய்யும், முதலாளி" என்றாள் டிரைவர் மரியபுஷ்பம்.

அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாளைக்கு இவங்களை உச்சிக்குக் கூட்டிட்டுப் போய் வா. சாயங்காலம் என் வண்டியில டீசல் முள் ஒரு கோடு இறங்கியிருந்தாலும் உனக்கு வேலை கிடையாது. நடுவில டீசல் ஊத்தவும் கூடாது!"

"ஆகட்டும், முதலாளி."

மறுநாள் சாயங்காலம் சந்தையிலிருந்து திரும்பிய முதலாளி, விருந்தாளிகளையும் மரியபுஷ்பத்தையும் ஷெட்டுக்கு அழைத்துப்போய் வண்டிச் சாவியைத் திருப்பினார். டேங்க் நிறைந்திருப்பதாகவே முள் காட்டியது. "பார்த்தீங்களா!" என்று மார்தட்டினார்.

விருந்தாளி ஒருவர் சிரித்துவிட்டார். "நாங்க போய்வந்தது இந்தம்மாவோட பழைய ஜீப்புலங்க."

"என் வண்டியை ஏன் எடுக்கலை?" என்று முதலாளி கத்தினார்.

"முள் இறங்கக் கூடாதுன்னா வண்டி ஷெட்டை விட்டு இறங்கக் கூடாதுங்க. விருந்தாளிகளும் உச்சியைப் பார்த்தாச்சு, உங்க முள்ளும் இறங்கலை" என்றாள் மரியபுஷ்பம்.

எல்லாரும் கைதட்டினார்கள். சிங்கமுத்து வண்டியிலிருந்து சாவியை உருவினார். அதை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு இதையே எடு. எவ்வளவு டீசல் வேணுமோ ஊத்திக்க."

மரியபுஷ்பம் தலை நிமிர்ந்து வாங்கிக்கொண்டாள்.