கரட்டுமலைக் கடல்

உங்களுக்குச் சிரிப்பு வரும், கட்டாயம் வரும். ஆனால் ஜீப் திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இசக்கிக்கும் அதே பாடுதான். காலையில் கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் ரெஜினா மேடத்தின் குரலில், "மைதீன், டவுனுக்குப் போய் ஒரு கிலோ ஜிலேபி வாங்கிட்டு வாங்க" என்றான். டிரைவர் மைதீன், "சரிங்க மேடம்" என்று கிளம்பிவிட்டார். மேடம் இனிப்பைத் தொடவே மாட்டார்.

கரட்டுமலையின் அடிவாரத்தைப் பனி மூடியிருந்தது. கீழே வயலும் இல்லை, ரோடும் இல்லை. அலைச்சத்தம் ஒன்றுதான் குறை. மூன்று வருஷமாக இசக்கியின் கனவில் வரும் கடல் அப்படியே மலையடியில் வந்து கிடந்தது.

உச்சியிலிருந்து மேடம் இறங்கி வந்து ஒரு பாறையில் சாய்ந்தார்.

"கட்டுரை எப்போ அனுப்பணும்?"

"சாயந்திரத்துக்குள்ள, மேடம். நீங்க சரின்னு சொன்னாப் போதும். தப்பாப் போச்சுன்னா மூணு வருஷமும் போச்சு."

"என்ன எழுதியிருக்கே?"

"இந்தக் கிரானைட் பிறந்து ஐம்பத்தஞ்சு கோடி வருஷம். இதுல நயோபியம்ங்கிற உலோகம் ரொம்பக் கம்மி. கடல்தரை கண்டத்துக்கு அடியில புகுந்து போற இடத்துக் கல்லுக்குத்தான் இந்த ரசாயனம். அதனால அந்தக் காலத்துல இங்க ஒரு கடல் இருந்து செத்திருக்கு."

"வயசு எதுல பார்த்தே?"

"கல்லுக்குள்ள கிடக்கிற ஜிர்கான் மணியில. நாப்பது புள்ளியில அளந்தேன். மூணு மட்டும் இருநூத்தம்பது கோடின்னு காட்டுச்சு. கெட்டுப்போன புள்ளின்னு ஒதுக்கிட்டேன்."

"மணியில எந்த இடம்?"

"நட்டநடுவுல."

மேடம் பனியைப் பார்த்தபடி டீ குடித்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஜீப் சத்தம் வந்தது.

"மேடம், நீங்க கேட்ட ஜிலேபி" என்று மைதீன் பொட்டலத்தை நீட்டினார்.

இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"நானா கேட்டேன்?"

"சத்தியமா உங்க குரல்தான்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழுக்கு."

"ஏழு மணிக்கு நான் உச்சியில நிக்கிறேன், மைதீன். குரல் என்னுதுதான். வாய் யாரோடது?"

மைதீன் மெல்லத் திரும்பினார். "ஏலே இசக்கி!"

இசக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேடம் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ஜிலேபியை எடுத்துப் பாறைமேல் வைத்தார்.

"முதல்ல இதுக்கு. இதுவும் உன்னை மாதிரிதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. இசக்கி பாறையையே பார்த்தான். பனி விலகி, கீழே ஒரு சோளக்காடு தெரிந்தது.

"நடுவுல இருந்தது பழைய கல்லோட மணியா? அது உருகித்தான் இது ஆச்சா? நயோபியம் கம்மியா இருக்கிறதும் அந்தப் பழைய கல்லோட குரல்தானா? அப்போ அந்தக் கடல்..."

"மைதீன் டவுனுக்குப் போனது ஒரு மணி நேரம்" என்றார் மேடம். "இந்தக் கல்லை நம்பி நீ போனது மூணு வருஷம்."

இசக்கி பாறையிடம் குனிந்தான்.

"அடப்பாவி!"

முதலில் சிரித்தது மைதீன்தான்.